குறி தப்பாதவர்களின் பிழை

வேத வாசிப்பு: நியாயாதிபதிகள் 20:12–28, நீதிமொழிகள் 18:18, 1 பேதுரு 1:17–19



 இவ்வாரச் சிந்தனையை ஒரு துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறேன். வியப்படையாதீர்கள். கோட்டைக்குப்பத்தில் ஊழியம் செய்யும் ஒரு போதகனிடம் வலையைப் பற்றியும் படகைப் பற்றியும் ஆலோசனை கேட்போர் உண்டு. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டவர் இதுவரை ஒருவரே. அவருடைய அனுமதியோடும், பெயரைச் சொல்லாமலும் இதை எழுதுகிறேன்.

நம் சபையின் மூத்த விசுவாசி அவர். ஆராதனை முடிந்து யாவரும் சென்ற பிறகு தயங்கியபடி நின்றார். "ஐயா, ஒரு காரியம் கேட்க வேண்டும். தவறாக எண்ணாதீர்கள்" என்றார். அவருடைய பாட்டனார் வெள்ளையர் காலத்தில் ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்துத் துரை தாயகம் திரும்பியபோது தம் வேட்டை ரைபிளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது பாட்டனாரிடமிருந்து தந்தைக்கும், தந்தை மறைந்தபின் முறையான உரிமத்தோடு இவருக்கும் வந்தது. இவருக்கோ கண் மங்கிவிட்டது. பழைய குறியமைப்பில் பார்த்தால் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது. ஆகவே ரைபிளின் மேல் ஒரு தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், பொருத்த வேண்டும் என்பது அவருடைய விருப்பம். "செய்யலாமா ஐயா? இதில் பாவம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

எனக்கு இவ்வித்தை தெரியாது. அவர் சென்னையில் ஒரு துப்பாக்கித் தொழிலாளியிடம் விசாரித்து எல்லாவற்றையும் அறிந்திருந்தார். நானும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதிலேயே பிரசங்கத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

பழைய ரைபிளில் குறி பார்ப்பதற்குக் கண்ணருகே பள்ளம் வெட்டிய ஒரு தகடும், குழலின் நுனியில் ஒரு சிறு முனையும் இருக்கும். பள்ளத்தின் நடுவே முனையும், முனையின் மேல் இலக்கும் ஒரே நேரில் அமைய வேண்டும். தகடு கைக்கெட்டும் தொலைவிலும், முனை அதற்கு அப்பாலும், இலக்கு வெகு தொலைவிலும் உள்ளன. மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காணும் கண் எவருக்கும் இல்லை. இளமையில் கண்ணின் வில்லை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நொடியில் தாவிச் சமாளிக்கிறது. நாற்பதைக் கடந்தால் வில்லை இறுகத் தொடங்குகிறது, தாவல் நின்றுபோகிறது. ஸ்கோப் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இலக்கின் பிம்பத்தையும் குறுக்குக் கோடுகளையும் அது ஒரே தளத்தில் கொண்டுவந்து காட்டுவதால், மங்கிய கண்ணுக்கும் இரண்டும் ஒருங்கே தெளிவாகத் தெரிகின்றன.

ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த ரைபிள் ஸ்கோப்புக்காகச் செய்யப்பட்டதன்று. அதன் எஃகு உடலில் துளையிட்டுத் திருகுமரை வெட்ட வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி மேலே எழும்போது ஸ்கோப்பில் இடிக்குமாதலால் அதை வளைக்க வேண்டும். ஸ்கோப் உயரத்தில் அமர்வதால் கன்னம் படியும் மரக்கட்டையையும் உயர்த்த வேண்டும். தாங்கியில் மயிரிழைச் சாய்வு இருந்தாலும் நூறு மீட்டருக்கு அப்பால் குண்டு நான்கு விரற்கடை விலகிப்போகும். கண்ணை மிக அருகில் வைத்துச் சுட்டால், பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். ஒரு முறை துளையிட்டால் அந்தத் துளையை மூடலாமே தவிர, இல்லாததாக்க இயலாது.

இவ்வளவையும் கேட்டபின், "அண்ணாச்சி, எல்லாம் சரி, இதைக் கொண்டு எதைச் சுடப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களை ஒழித்த 1991-ஆம் ஆண்டின் திருத்தமும் நடைமுறையிலிருக்க, நம் நாட்டில் வேட்டை ரைபிளுக்கு வேட்டை இல்லை. நம் ஏரியோ பறவைகள் சரணாலயம். அந்த ரைபிள் வீட்டைவிட்டு வெளியே போவதெல்லாம் தேர்தல் வரும்போது காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்காகத்தான். "எதையும் சுடப் போவதில்லை ஐயா" என்றார்.

"பின் எதற்குத் தெளிவான பார்வை?"

நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு உண்மை வெளிப்பட்டது. பொன்னேரியில் அவருடைய தம்பி இருக்கிறார். தந்தையின் காரியங்களைப் பங்கிட்டபோது வீடும் நிலமும் ஒருவாறு பிரிந்தன, ரைபிள் பிரியவில்லை. சிறுவயதில் தந்தையோடு அமர்ந்து அதற்கு எண்ணெய் பூசியவர் தம்பி. உரிமமோ அண்ணனுக்குக் கிடைத்தது. அன்று தொடங்கிய மௌனம் ஆறு ஆண்டுகளாகத் தொடர்கிறது. "துளை போட்டு ஸ்கோப் வைத்துவிட்டால் அது என்னுடையதாகிவிடும் ஐயா. அப்பாவுடையது என்று சொல்லி யாரும் கேட்க முடியாது" என்றார்.

பிரியமானவர்களே, அந்தத் துளை எஃகில் விழவேண்டியதன்று, தம்பியின் நெஞ்சில் விழவேண்டியது. அவரும் அதை அறிந்திருந்தார். அறிந்திருந்தபடியால்தான் தொழிலாளியோடு நில்லாமல் போதகனிடமும் வந்தார்.

அன்று இரவு நியாயாதிபதிகள் 20-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். பென்யமீன் கோத்திரத்தில் இடதுகை வழக்கமான 700 வீரர்கள் இருந்தார்கள் என்றும், அவர்கள் ஒரு மயிரிழையைக் குறிவைத்துக் கவண் எறிந்தாலும் தப்பமாட்டார்கள் என்றும் அங்கே காண்கிறோம். "தப்புதல்" என்பதற்கு மூல எபிரெயத்தில் வரும் வினைச்சொல் 'ஹாட்டா'. பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் "பாவம் செய்தல்" என்று மொழிபெயர்க்கப்படுவதும் இதே சொல்தான். புதிய ஏற்பாட்டின் 'ஹமார்த்தியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் குறி தவறுதல் என்னும் பொருள் உண்டு. இதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். பாவம் என்றால் குறி தவறுதல், ஆகவே நன்றாகக் குறிபாருங்கள் என்று முடித்துவிடுவோம். நானும் அப்படிப் பிரசங்கித்ததுண்டு.

ஆனால் அந்த அதிகாரத்தின் நடப்பைக் கவனியுங்கள். அந்த 700 பேர் யாருக்காகக் கவண் எடுத்தார்கள்? கிபியாவில் ஆதரவற்ற ஒரு பெண்ணை இரவெல்லாம் வதைத்துச் சாவுக்குள்ளாக்கிய துன்மார்க்கரை ஒப்புக்கொடுக்க மறுத்து, அவர்களைக் காக்கவே எடுத்தார்கள். யாருக்கு எதிராக எடுத்தார்கள்? தங்கள் சொந்தச் சகோதரருக்கு எதிராக எடுத்தார்கள். எதிரணியில் நின்ற இஸ்ரவேலரோ, "என் சகோதரனாகிய பென்யமீனோடு போர்செய்யப் போகலாமா?" என்னும் கருத்தில் கர்த்தரிடம் அழுது விசாரித்தார்கள். எறிந்த கல் ஒவ்வொன்றும் இலக்கை அடைந்திருக்கலாம். கல் பாவம் செய்யவில்லை, கை பாவம் செய்யவில்லை, கண்ணும் பாவம் செய்யவில்லை. அவர்கள் நின்ற இடமே பாவமாயிருந்தது. முடிவில் அந்தக் கோத்திரத்தில் 600 பேர் மட்டும் ரிம்மோன் கன்மலைக்குத் தப்பியோடினார்கள். வென்றவர்களும் ஒரு கோத்திரம் அறுப்புண்டு போனதே என்று சத்தமிட்டு அழுதார்கள்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லுகிறேன். குறி தவறுவது ஒரு பாவம். தவறான குறியைத் தவறாமல் அடைவது அதைவிடப் பெரிய பாவம். எங்கே நிற்கிறோம், யாரை நோக்கி நிற்கிறோம் என்று கேட்காமல் பார்வையை மட்டும் கூர்மையாக்குவதில் ஆபத்து இருக்கிறது. ஸ்கோப் தொலைவிலுள்ளதைப் பெரிதாக்குகிறது. அதே நேரத்தில் சுற்றிலுமுள்ள யாவற்றையும் மறைத்துவிடுகிறது. ஆறு ஆண்டுகளாக ஒரே வருத்தத்தையே உற்றுப் பார்ப்பவருக்கு அந்த வருத்தம் மட்டும் மிகத் தெளிவாகத் தெரியும். தம்பியோடு ஒரே பாயில் படுத்து உறங்கிய காலம் அந்த வட்டத்துக்குள் தெரியாது.

வேட்டைக்காரரிலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. ஜிம் கார்பெட்டை நீங்கள் அறிவீர்கள். கர்வால் மலைப்பகுதியில் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் ஏறிய ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அவர் 1926-இல் சுட்டு வீழ்த்தினார். இருட்டில் குறிபார்ப்பதற்காக ரைபிளில் ஒரு சிறு மின்விளக்கைப் பொருத்தியிருந்தார். விளக்கு ஒரு கணம் சிறுத்தையைக் காட்டியது, சுட்டதோடு அணைந்தும்போனது. மீதி இரவெல்லாம் காத்திருந்தார். விடிந்தபின் அவர் கண்டது ஊரார் அஞ்சிய பேயை அன்று, வயது முதிர்ந்த ஒரு விலங்கையே. ரைபிளில் பொருத்திய விளக்கு காட்டாததைப் பகலின் வெளிச்சம் காட்டியது. பிற்காலத்தில் அவர் காட்டுயிர்களைக் கேமராவில் பதிவு செய்வதில் மனம் செலுத்தினார். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு தேசியப் பூங்கா.

சலீம் அலியின் கதையும் அத்தகையதே. சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்வி அவரை இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளர் ஆக்கியது. தம் தன்வரலாற்றுக்கும் அவர் ஒரு குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையில் விழாது என்று நம் ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 10:29) அத்தலைப்பு எனக்கு எப்போதும் நினைவூட்டும். கையில் கிடைத்த ஆயுதம் அவரைக் கட்டவில்லை. விழுந்ததைக் குனிந்து பார்க்கும் மனம் அவருக்கு இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோட்டைக்குப்பம் என்ற பெயரில் ஒரு கோட்டை இருக்கிறதே, அது எங்கே? 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் அவர்களுடைய வெடிமருந்து ஆலை இயங்கியது. இங்கே அரைத்த மருந்து கப்பலேறிக் கிழக்கே பத்தேவியா வரை சென்றது. நாம் இன்று மீன் காயவைக்கும் இக்கரை ஒரு காலத்தில் கீழைக் கடல்களின் பீரங்கிகளுக்குத் தீனி கொடுத்த கரை. இன்று கோட்டை ஒரு மண்மேடு, முட்புதர் மண்டிய அகழி. அதைக் கட்டியவர்கள் அருகேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் தூங்குகிறார்கள், அதன் வாயில் தூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெடிமருந்தும் இல்லை, பீரங்கியும் இல்லை. பருவந்தோறும் பூநாரைகள் மட்டும் தவறாமல் வருகின்றன. அவற்றைக் காண வருகிறவர்கள் கையிலும் தொலைநோக்கி உண்டு, ஆனால் அதன் கீழே குழல் இல்லை.

கோட்டை நமக்கு விட்டுச்சென்றது ஒரு பெயரை மட்டுமே. நம் முன்னோர் விட்டுச்சென்றது வேறொன்று. அதுதான் பாடு. ஏரியில் மீன் நிறைந்த இடங்கள் சில, வலைகளோ பல. வலுத்தவன் வலைபோடட்டும் என்று விட்டிருந்தால் இந்த நீர் இரத்தமாயிருக்கும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் முன்னோர் முறைவைத்தார்கள். சீட்டுப் போட்டு, இன்று இவர் இந்த இடத்தில், நாளை அவர் என்று நீரைப் பங்கிட்டார்கள். நல்ல இடம் கிடைத்தவன் அடுத்த முறை விட்டுக்கொடுப்பான். சீட்டுப்போடுதல் வழக்குகளை ஒழித்துப் பலவான்களைப் பிரித்துவிடும் என்னும் சாலொமோனின் ஞானத்தை (நீதிமொழிகள் 18:18) ஏரிக்கரையில் படிப்பறியாத பெரியவர்கள் நடைமுறையாக்கியிருந்தார்கள்.

பாடு குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரை உரிமை உள்ளவருக்கு அது ஒழுங்கு, அவ்வுரிமை இல்லாத ஏழைக்கோ அது மூடிய கதவு. அவ்வுரிமையைப் பற்றிய சண்டைகளையும் நம் கரை கண்டிருக்கிறது. முன்னோரிடமிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் பரிசுத்தமாகிவிடாது. முன்னோர்களால் பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையிலிருந்து நாம் கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டோம் என்று பேதுரு எழுதுகிறார். அவரும் வலைவீசிய மனிதர்தான். பரம்பரை எவ்வளவு ஆழமாகக் கையில் ஊறுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே, பெற்றுக்கொண்ட ஒவ்வொன்றையும் மெருகிடுமுன் ஒரு கேள்வி கேட்போம். இது என்னைச் சகோதரனுக்கு அருகே கொண்டுபோகிறதா, அல்லது அவனை என் குறுக்குக் கோட்டில் நிறுத்துகிறதா? அருகே கொண்டுபோகுமானால் அதைப் பழுதுபார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். குறுக்குக் கோட்டில் நிறுத்துமானால், அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியை ஏற்றினாலும் அது பழைய பகையே. எத்தனை குடும்பங்களில் பாட்டன் காலத்து வரப்புச் சண்டைக்கு இன்று பேரன் வழக்கறிஞரை வைத்து வாதாடுகிறான்! எத்தனை சபைகளில் முப்பது ஆண்டுக்கு முந்தைய தேர்தல் கசப்பு, புதிய கைப்பேசிகளில் புதிய வேகத்தோடு சுற்றிவருகிறது! ஆயுதம் பழையது, ஸ்கோப் மட்டும் புதியது. இதைச் சொல்லும் நானும் குற்றமற்றவனல்ல. சிலரைக் குறித்து என் தகப்பனார் சொல்லிச் சென்ற ஒரு சொல்லை நெடுங்காலம் எண்ணெய் பூசி வைத்திருந்தேன்.

நம் தமிழில் பாடு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கிறிஸ்துவின் பாடுகள் என்கிறோம். அவர் சிலுவையில் ஏற்றது நமக்கு வந்திருக்க வேண்டிய முறை. நமக்குரிய சீட்டைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டு, தமக்குரிய நல்ல இடத்தை நமக்கு விட்டுக்கொடுத்தார். நம்மை நோக்கி நீட்டப்பட்டிருக்க வேண்டிய குறிக்கு முன்னே வந்து நின்றார். இதை உணர்ந்தவன் தம்பிக்கு ஒரு முறை விட்டுக்கொடுக்கத் தயங்குவானோ?

அந்த விசுவாசிக்கு நான் சொன்ன ஆலோசனை இதுவே: "அண்ணாச்சி, ஸ்கோப் பொருத்துவது தன்னில்தானே பாவமன்று. ஆனால் இந்தத் துளையை இப்போது போடாதீர்கள். முதலில் பொன்னேரிக்குப் போங்கள். இந்த ரைபிளை யார் வைத்திருப்பது என்பதைத் தம்பியோடு அமர்ந்து பேசுங்கள். அதை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றவும் சட்டத்தில் வழி இருக்கும், விசாரிக்கலாம். வேண்டாமென்று இருவரும் தீர்மானித்தால் அரசிடம் ஒப்படைக்கலாம். கண் மங்கினதற்கு மருத்துவரைப் பாருங்கள். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள், பூநாரை வரும்போது நானும் உடன் வருகிறேன்."

அவர் போனார். தம்பி வீட்டில் இல்லை. தம்பியின் மனைவி காபி கொடுத்திருக்கிறார், ஆறு ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டில் அருந்திய முதல் காபி. திரும்பும்போது, "அவரிடம் சொல்கிறேன் அத்தான்" என்றாராம். தம்பியிடமிருந்து இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ரைபிளில் துளை விழவில்லை. இந்த இரு சகோதரருக்காகவும் உங்கள் ஜெபங்களைக் கேட்கிறேன்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் கண்கள் மங்கிப்போயின என்பதை அறிக்கையிடுகிறோம். தூரத்துக் குற்றத்தைத் தெளிவாகக் காணவும், அருகிலுள்ள சகோதரனைக் காணாமலிருக்கவும் எங்கள் பார்வையைப் பழக்கிவிட்டோம். எங்களை மன்னியும். முன்னோர் தந்த நன்மையைக் காக்கும் ஞானத்தையும், முன்னோர் தந்த பகையை இறக்கிவைக்கும் பெலத்தையும் தாரும். எங்கள் பாடுகளை ஏற்றுக்கொண்ட இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.